கத்தரிக்கோல் இல்லாத காலத்தில் தலைமுடியை என்ன செய்தார்கள்?

"குரங்குக்கு யாரும் முடி வெட்டுவதில்லை. நமக்கு மட்டும் வெட்டாமல் விட்டால் ஏன் இடுப்பு வரைக்கும் வளருது? சீப்பு, கத்தரி எதுவும் இல்லாத ஆதிமனிதர்கள் இதை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டிருப்பார்கள் அத்தை?"

கேட்டது என் தம்பி மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் அக்கா குழந்தைக்குப் பழனியில் முடி இறக்கிவிட்டு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கொழிஞ்சாம்பாறை திரும்பும் பஸ்ஸில் கேட்டாள். பாலக்காட்டு எல்லையில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் எடுத்தே வயதானவள் நான். ஆனாலும் பஸ் சத்தத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். முடி முடிவில்லாமல் வளர்வதில்லை. குரங்கின் முடிக்கு ஓர் அளவு இருப்பதைப் போல நம் முடிக்கும் உண்டு. அந்த அளவை நிர்ணயிப்பது முடியின் நுனி அல்ல, வேர். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது, நகம் மாதிரி கெரட்டின் என்ற புரதம். உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் மட்டும். ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இத்தனை நாள் வளர், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேலையை நிறுத்து, மூன்று மாதம் ஓய்வெடு, பழைய முடியை உதிர்த்துவிட்டு மறுபடி புதிதாகத் தொடங்கு. இதுதான் அதன் சுற்று.

தலைமுடி ஒரு நாளைக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். புருவ முடியின் வேகம் இதில் ஏறக்குறைய பாதி. பெரிய வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. புருவமும் கைமுடியும் வளரும் பருவம் ஒன்றிரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று நான்கு மாதம். அதனால் ஒன்றிரண்டு சென்டிமீட்டரிலேயே நின்று உதிர்ந்துவிடும். தலைமுடியின் வளரும் பருவம் இரண்டிலிருந்து ஆறேழு வருஷம். ஆறு வருஷம் வளர்ந்தால் 70 சென்டிமீட்டருக்கு மேல். இடுப்பைத் தொடும் முடிக்கும் தோளோடு நிற்கும் முடிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. எண்ணெயை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. சீனாவில் ஒரு பெண்ணின் முடியை 2004-இல் அளந்தபோது ஐந்தரை மீட்டருக்கு மேல் இருந்தது. அவர் 1973-லிருந்து வளர்த்தது. அவருடைய கடிகாரம் அபூர்வமானது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக நாலு வருஷ ஆயுள் என்றால் 1,460 நாள். வகுத்தால் நாளொன்றுக்கு 68 முடி உதிர வேண்டும். தோல் மருத்துவர்கள் தினம் 50 முதல் 100 முடி கொட்டுவது இயல்பு என்று சொல்வது இதைத்தான். சீப்பில் நாலு முடி வந்தாலே பயந்துபோகும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன்.

எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு: குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்று. இது வெறும் நம்பிக்கை அல்ல. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால் ஓய்வுக்குப் போகவேண்டிய முடிகளும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. பிரசவம் ஆனதும் அவை எல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். அந்தச் சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நாள் கணக்கை நம் பாட்டிமார் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். டைபாய்டு வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் இதே வழியில்தான்.

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வரும் என்பது மட்டும் சரியில்லை. கத்திக்கு மயிர்க்கால் எட்டாது. வெட்டிய முடியின் முனை மழுங்கலாக இருப்பதால் தடவினால் சொரசொரவென்று தடிமனாகத் தோன்றுகிறது. குழந்தைக்கு மொட்டை போடுவதற்கு நேர்த்திக்கடன் என்ற காரணமே போதும், வேறு காரணம் தேவையில்லை.

சரி, கடிகாரத்தை நிறுத்துவது யார்? எஃப்ஜிஎஃப்5 என்று ஒரு ஜீன் இருக்கிறது. 'போதும், நிறுத்து' என்று மயிர்க்காலுக்குச் சொல்லும் புரதத்தை அது செய்கிறது. அது பழுதானால் முடி வழக்கத்தைவிட அதிக நாள் வளர்ந்து நீள்கிறது. புசுபுசுவென்று நீள முடி உள்ள பூனை, நாய் இனங்கள் பலவற்றில் இந்த ஜீன்தான் மாறியிருக்கிறது. மனிதர்களிலும் இது பழுதான சில குடும்பங்களில் கண்ணிமை முடி அசாதாரணமாக நீண்டு வளர்வதை 2014-இல் கண்டுபிடித்தார்கள். ஒரு சின்ன மாற்றம் போதும், குட்டை முடி நெட்டை முடியாகிவிடும். அதே சமயம் நாம் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். குதிரையின் பிடரியையும் வாலையும் பாருங்கள். வால்பாறை, நெல்லியாம்பதிக் காடுகளில் இருக்கும் சோலைமந்திக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி உண்டு. உடம்பின் ஓரிடத்தில் மட்டும் முடியை நீளவிடுவது இயற்கை அறிந்த வித்தைதான். நம் விஷயத்தில் உடம்பு முழுக்கக் குறுகி, தலையில் மட்டும் நீண்டது.

ஏன் தலையில் மட்டும்? நான் அதிகம் நம்புவது வெயில் காரணத்தை. ஏறக்குறைய இருபது லட்சம் வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்கப் புல்வெளியில் நம் முன்னோர் நிமிர்ந்து நடந்தார்கள், வெகுதூரம் நடந்தார்கள். உடம்பு முழுக்க வியர்த்து ஆற வேண்டும், அதற்கு அடர்ந்த மயிர் இடைஞ்சல். ஆனால் உச்சி வெயில் நேராக விழுவது உச்சந்தலையில். அதன் அடியில் இருப்பது மூளை. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சூடு ஏறக்கூடாத உறுப்பு.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்துப் பார்த்தது. உடம்பு போலச் சூடாகும் பொம்மை ஒன்றுக்கு மனித முடியால் செய்த விக் மாட்டினார்கள். ஒன்று நேர் முடி, ஒன்று அலையலையான முடி, ஒன்று இறுகச் சுருண்ட முடி. வெயிலுக்குப் பதிலாக விளக்கு. எந்த முடியாக இருந்தாலும் வெறும் தலையைவிட வெயில் சூடு குறைவாகத்தான் இறங்கியது, ஆனால் இறுகச் சுருண்ட முடிக்கு இணை இல்லை. வீட்டு வாசலில் போடும் கீற்றுப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கீற்றைத் தரையோடு விரித்துவைத்தால் பிரயோஜனமில்லை. மேலே தூக்கிக் கட்டி, நடுவில் காற்றுக்கு இடம்விட்டால்தான் குளிர்ச்சி. சுருண்ட முடி தலைக்கும் வெயிலுக்கும் நடுவில் அந்த இடைவெளியை விடுகிறது.

இங்கேதான் என் தம்பி மகளின் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கிறது. பாடப்புத்தகப் படங்களில் ஆதிமனிதன் என்றால் தோளில் புரளும் பரட்டை முடியோடுதான் வரைகிறார்கள். முதல் மனிதர்களின் முடி இறுகச் சுருண்டதாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அது எவ்வளவு நீண்டாலும் கண்ணில் விழாது, முதுகில் தொங்காது. ஒரு முழ முடியும் சுருண்டு நாலு விரல் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதாவது முடி நீளத் தொடங்கிய காலத்தில் நீளம் ஒரு தொந்தரவாகவே இருந்திருக்காது. வெயில் குறைந்த நாடுகளுக்குப் பரவிய பிறகு அலை முடியும் நேர் முடியும் வந்திருக்கலாம். கிழக்காசியர்களின் தடித்த நேர் முடிக்குக் காரணமான ஜீன் மாற்றம் சுமார் 30,000 வருஷத்துக்கு முன் வந்தது என்று கணக்கிடுகிறார்கள். தோளுக்குக் கீழே இறங்கும் முடியை என்ன செய்வது என்ற கேள்வியே அதனால் பின்னால் வந்த கேள்விதான்.

அழகுக்காகத் துணையைத் தேர்ந்தெடுத்ததால் முடி நீண்டது என்று டார்வின் 1871-இல் எழுதினார். அதையும் தள்ளிவிட முடியாது. அறுபது சென்டிமீட்டர் முடி என்பது ஐந்து வருஷத்துச் சாட்சி. பட்டினி, காய்ச்சல், பிரசவம் எல்லாம் முடியில் தெரியும். சங்கத் தமிழில் பெண்ணின் கூந்தலை ஐம்பால் என்றார்கள், ஐந்து வகையாக முடிப்பதால். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. ஒரு மொழி தலைவாருவதற்கு ஐந்து பெயர் வைத்திருக்கிறது என்றால் அந்த மக்கள் முடியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்!

இப்போது 'என்ன பாடு பட்டிருப்பார்கள்' என்பதற்கு வருகிறேன். ஆதிமனிதன் முடியோடு தனியாகப் போராடினான் என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது. தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது. முடி எப்போதுமே இன்னொருவர் கையில் இருந்த வேலை.

ஆழியாறு அணைப்பக்கம் போனால் நாட்டுக்குரங்குகள் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று மயிரை விலக்கி விலக்கிப் பார்ப்பதைக் காணலாம். சில குரங்கினங்கள் பகல்பொழுதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இதில் செலவிடுகின்றன. நம் தலைப்பேனும் சிம்பன்சியின் பேனும் நெருங்கிய உறவு. இரண்டும் பிரிந்தது சுமார் அறுபது லட்சம் வருஷத்துக்கு முன், நம் முன்னோர் பிரிந்த அதே காலத்தில். மனிதன் என்று ஒருவன் வருவதற்கு முன்பே பேன் பார்ப்பது வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இஸ்ரேலில் நஹல் ஹெமார் என்ற குகையில் சுமார் 9,000 வருஷத்துக்கு முந்தைய மனித முடி கிடைத்தது. அதில் பேனும் ஈரும் ஒட்டியிருந்தன.

என் அம்மாயி பேன் பார்ப்பதை இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறேன். மூன்று மணி வெயில் சாயும் நேரம், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, என்னைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். முதலில் பேன்சீப்பு. அப்புறம் ஈர்கொல்லி. கடைசியில் விரல்தான். முடியை வகுந்து வகுந்து, கிடைத்ததை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து 'டக்' என்று நசுக்குவார். "இது புது ஈர், இது வெறுங்கூடு" என்று தனியாகப் பிரித்துச் சொல்வார். எப்படித் தெரியும் என்று பல வருஷம் கழித்துப் பாடம் படித்தபோதுதான் புரிந்தது. பேன் முட்டையைத் தோலை ஒட்டி முடியின் அடியில் பசை வைத்து ஒட்டுகிறது. எட்டு, பத்து நாளில் பொரிந்துவிடும். கூடு மட்டும் முடியோடு சேர்ந்து மாதம் ஒரு சென்டிமீட்டர் மேலே போகும். தோலைவிட்டு ஒரு விரற்கடை தள்ளி வெள்ளையாக இருந்தால் அது பழசு. படிக்காத அம்மாயி முடி வளரும் வேகத்தை வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதுவுமே செய்யாமல் விட்டால் முடி என்ன ஆகும்? சடை விழும். எங்கள் பக்கம் பின்னலுக்கும் சடை என்றுதான் பெயர், சாமியாரின் சிக்குப்பிடித்த முடிக்கும் சடை என்றுதான் பெயர். ஒன்று கையால் ஒழுங்காகத் திரிப்பது, மற்றது தானாகத் திரிவது. உதிரும் முடி கீழே விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்வதால் சடாமுடி தனி முடியின் எல்லையைத் தாண்டியும் நீளும். அதுவும் ஒரு வழிதான். கண்ணை மறைக்காது, தினம் வேலை வைக்காது. ஆனால் பேனுக்கு அதுவே நல்ல குடியிருப்பு.

அதனால் பெரும்பாலான மக்கள் பின்னலையும் கொழுப்பையும் பிடித்துக்கொண்டார்கள். நார் திரிக்கத் தெரிந்த கைக்கு முடி திரிக்கத் தெரியாதா? பிரான்சில் பிராசம்பூய் என்ற இடத்தில் 1894-இல் ஒரு சின்னஞ்சிறு பெண் தலை கிடைத்தது. மாமத் என்ற அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செதுக்கியது, கட்டைவிரலின் மேல்கணு அளவுதான், வயது சுமார் 25,000 வருஷம். வாய்கூடச் செதுக்காத அந்தச் சிற்பி, தலையைக் கட்டம் கட்டமாகக் கோடிழுத்து நிரப்பியிருக்கிறான். பின்னல் என்கிறார்கள் சிலர், வலைத்தொப்பி என்கிறார்கள் சிலர். எதுவானாலும் முடி பரட்டையாகக் கிடக்கவில்லை என்பது தெரிகிறது. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் இன்றும் வெண்ணெயும் செங்காவியும் குழைத்து முடித்திரிகளில் பூசுகிறார்கள். வெயிலுக்கும் தூசிக்கும் காப்பு, குளிக்கத் தண்ணீர் இல்லாத நாட்டில் சுத்தமும் அதுதான். நமக்குத் தேங்காய் எண்ணெய். அது முடிமேல் மினுக்குவதற்கு மட்டுமல்ல, முடித்தண்டுக்குள்ளேயே இறங்கி, அலசும்போது புரதம் கரைவதைக் குறைக்கிறது.

எண்ணெய் வைத்தால் எடுக்க வேண்டுமே. எங்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் அரப்பு. உசிலை மர இலையை உலர்த்தி இடித்த பச்சைப் பொடி. சோற்று வடிதண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் கண்ணில் பட்டு எரியும், ஆனால் ஒரு அலசலில் எண்ணெய் போய்விடும். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சிக்குச் செம்பருத்தி இலைத் தாளி. சீயக்காய், பூந்திக்கொட்டை எல்லாம் ஒரே குடும்ப வேலைதான் செய்கின்றன. அவற்றில் இருக்கும் சப்போனின் ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இலையைக் கசக்கினால் நுரை வருவதைக் கவனித்த யாரோ ஒரு பெண் இதைத் தொடங்கி வைத்திருக்க வேண்டும். அதற்குப் பாத்திரம்கூடத் தேவையில்லை, ஓடையும் ஒரு கல்லும் போதும்.

வெட்டுவது? கத்தரிதான் இல்லை, வெட்டும் விளிம்பு முப்பது லட்சம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளே பதினைந்து லட்சம் வருஷம் பழையவை. கல்லை உடைத்தால் தெறிக்கும் சில்லு இறைச்சியை அறுக்கும் என்றால் முடியை அறுக்காதா? ஒரு கொத்தை இழுத்துப் பிடித்து, அடியில் ஒரு கட்டையை வைத்து அறுத்தால் போதும். எரிமலைக் கண்ணாடியின் சில்லு நம் சவரக் கத்தியைவிடக் கூர்மையானது. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் அதை வைத்துத்தான் சவரம் செய்தார்கள். அந்தமான் தீவினர் 19-ஆம் நூற்றாண்டிலும் படிகக்கல் சில்லால் தலையைச் சிரைத்துக்கொண்டதையும், சிரைத்துவிடுவது பெண்களின் வேலையாக இருந்ததையும் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் கரையொதுங்கிய பாட்டில் கண்ணாடி கிடைத்ததும் அதை உடைத்துச் சில்லாக்கிக்கொண்டார்கள். பழனியில் அன்றைக்குக் குழந்தையின் தலையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, பாதி பிளேடு மாட்டிய கத்தியை மறுகையால் நகர்த்தியவரின் வேலையும் அதுவேதான்.

வெட்டிய முடியை வீசிவிடவும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தலைமுடியைக் கல்கத்தியால் அறுத்து, தொடையில் உருட்டியும் கதிரில் சுற்றியும் கயிறாகத் திரித்தார்கள். இடுப்புக்கயிறு, தலைக்கட்டு, கருவிகளைக் கட்டும் கயிறு எல்லாம் அதிலிருந்து. யாருடைய முடி யாருக்குச் சேர வேண்டும் என்று உறவுமுறையை வைத்தே விதி இருந்தது. ஆடு வளர்க்காத மக்களுக்குத் தலையில் விளைந்த கம்பளி அது.

சீப்பைச் சொல்லாமல் முடிக்க முடியாது. இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரத்தில் 2016-இல் ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. நீளம் மூன்றரை சென்டிமீட்டர், வயது சுமார் 3,700 வருஷம். ஒரு பக்கம் தடித்த ஆறு பல், சிக்கெடுக்க. மறுபக்கம் நெருக்கமான பதினான்கு பல், பேன் எடுக்க. நம் வீட்டு இருபக்கப் பேன்சீப்பேதான். அதில் கீறியிருந்த சின்ன எழுத்துகளை 2022-இல்தான் படித்துச் சொன்னார்கள்: இந்தத் தந்தம் தலையிலும் தாடியிலும் உள்ள பேனை வேரறுக்கட்டும் என்று. கானான் என்ற அந்தப் பழைய நாட்டின் எழுத்தில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் இதுவே மிகப் பழையது. பல்லிடுக்கில் பேனின் மிச்சமும் இருந்தது.

எங்களுக்கு அதைவிடப் பக்கத்தில் ஒரு சீப்பு உண்டு. ஆனைமலை, பரம்பிக்குளம், நெல்லியாம்பதிக் காடுகளில் வாழும் காடர்களின் மூங்கில் சீப்பு. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை தன் கையால் மூங்கிலைச் சீவி, பல் பிளந்து, கோலம் கீறிப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். அவள் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். இரும்பு தேவையில்லை, ஓட்டை விழாத நல்ல கணு ஒன்று போதும். மண்ணில் மக்கிப்போகும் பொருள் என்பதால் பழைய மூங்கில் சீப்புகள் தோண்டினாலும் கிடைக்காது. தந்தமும் எலும்பும்தான் மிஞ்சும். அதனால் சீப்பின் உண்மையான வயது அருங்காட்சியகத்தில் இருப்பதைவிடக் கூடுதல் என்பது என் கருத்து.

பரம்பிக்குளத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது ஒரு வயதான அம்மா தன் சீப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அகலம். எண்ணெயும் அடுப்புப் புகையும் ஏறிப் புளியங்கொட்டை நிறம் ஆகியிருந்தது. மேல்பட்டையில் இரண்டு வரிசை வளைவுக்கோடு, நடுவில் முக்கோணங்கள், கோட்டுக்குள் கரி தேய்த்திருந்தது. ஓரத்தில் ஒரு பல் போயிருந்தது. "இவர் செதுக்கினதுங்களா அம்மா?" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டிக் கேட்டேன். "ஆமா. இப்ப அவருக்குக் கண்ணு தெரியாது. இனி ஒண்ணு செதுக்க முடியாது" என்றார். என் கையிலிருந்து வாங்கி, பேத்தியைக் கூப்பிட்டு, அவள் கையால் மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டார்.